பழைய லாரியும் குறைந்த விலைப்புள்ளியும்

மூன்று விலைப்புள்ளிகளைப் பெற்று, அவற்றுள் குறைந்ததை ஏற்றுக்கொள்வது நம் கூட்டுறவுச் சங்கங்களில் நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கமாகும். நூல், சாயம், உரம், சாக்கு, மேசை நாற்காலி முதலியவற்றை வாங்குங்கால் இவ்வழக்கம் நன்மையே செய்து வந்திருக்கிறது. தலைவரின் மைத்துனர் கடையிலும் காரியதரிசியின் நண்பர் கடையிலும் சங்கத்தின் பணம் போய்ச் சேராதபடி காத்து வருவதும் இதுவே. ஆனால் இதே வழக்கத்தைப் பழைய டீசல் லாரி வாங்குவதற்கும் அப்படியே கையாளுகிறோம். அங்கே இது சங்கத்தைக் காப்பதில்லை. சங்கத்தின் தலையில் மிக மோசமான வண்டியைக் கொண்டுவந்து கட்டுகிறது என்பதே நமது கருத்து.

நாற்பதாம் நம்பர் நூலுக்கு மூன்று வணிகர்கள் விலை சொன்னால், மூவரும் சொல்வது ஒரே பொருளின் விலையாகும். ஆகவே குறைந்தது எதுவோ அதுவே நமக்கு ஆதாயம். பழைய லாரிகளோ ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே மாதத்தில் வெளிவந்த இரண்டு வண்டிகளுள் ஒன்று ஜவுளி மூட்டைகளை ஏற்றிச் சமமான சாலையில் ஓடியிருக்கும். மற்றொன்று அளவுக்கு மீறிச் செங்கல்லும் ஜல்லியும் சுமந்து குழி விழுந்த பாதையில் உழன்றிருக்கும். பத்து ஆண்டுகள் கழிந்தபின் அவ்விரண்டும் பெயரளவிலேதான் ஒரே வண்டி. அவற்றின் விலைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுவது, புது வேட்டியின் விலையையும் நைந்த வேட்டியின் விலையையும் ஒப்பிடுவதற்குச் சமம். விற்போர் மூவரில் எவர் மிகவும் குறைத்துக் கேட்கிறாரோ, பெரும்பாலும் அவரே தம் வண்டியின் நோயை நன்கு அறிந்தவராக இருப்பார்.

பழைய வண்டிகளை நாடும் சங்கங்கள் இன்று பெருகியிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. 2005ஆம் ஆண்டில் டாடா ஏஸ் என்னும் சிறு லாரி வெளிவந்து, ‘குட்டி யானை’ என்ற செல்லப் பெயருடன் ஊர்தோறும் பரவியது. பிக்கப் வகை வண்டிகளும் அவ்வாறே பரவின. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாடு நாடு முழுவதும் அமலுக்கு வந்தபின், புதிய டீசல் வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் சாதனங்கள் சேர்ந்தன, விலையும் ஏறிற்று. சிறிய சங்கமொன்று புது வண்டியின் விலையைக் கேட்டு மலைத்துப்போய்ப் பழைய வண்டியின் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை, தவறும் இல்லை. நன்கு பேணப்பட்ட பழைய டீசல் வண்டி பல ஆண்டுகள் உழைக்கக் கூடியதே. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேதான் கோளாறு இருக்கிறது.

இதனால் நேரும் நஷ்டம் எத்தகையது என்பதையும் கூறுவோம். நெசவாளர் சங்கமொன்று மூன்று விலைப்புள்ளிகளுள் குறைந்ததை ஏற்றுப் பழைய சிறு லாரியொன்றை வாங்கிற்று. நான்காம் மாதம் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பட்டறையில் வண்டி நின்ற ஏழு வாரங்களும் நூல் கொண்டுவர வாடகை வண்டி. ஓட்டுநருக்கு வழக்கமான சம்பளம். நூல் வந்து சேரும் வரையில் அங்கத்தினர் வீடுகளில் பாவு ஓட்ட வழியின்றித் தறிகள் சும்மா கிடந்தன. கூலி வாராத அந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தணிக்கையிலோ யாதொரு குறையும் காணப்படவில்லை. மூன்று விலைப்புள்ளிகளும் கோப்பில் ஒழுங்காக இருந்தன, குறைந்தது ஏற்கப்பட்டிருந்தது. காகிதத்தில் இத்துணைச் சுத்தமான கொள்முதலை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்! விளைபொருள் சங்கங்களில் இவ்வாறு நேரின், சந்தைக்குப் போகவேண்டிய காய்கறி வழியிலேயே வாடிப் பாழாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நிர்வாக சபையினர் இவ்வாறு செய்வது அறியாமையால் அன்று, அச்சத்தால். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவின்படி தண்டத்தீர்வை விதிக்கப்படுமோ என்ற கவலை ஒவ்வொருவர் உள்ளத்திலும் இருக்கிறது. குறைந்த விலையை விட்டு ஐம்பதாயிரம் ரூபாய் கூடுதலான வண்டியை வாங்கினால், ‘ஏன் வாங்கினீர்?’ என்ற கேள்வி எழும். குறைந்ததை வாங்கி, அது ஆறு மாதத்தில் இரும்புக் கடைக்குப் போனாலும் கேட்பாரில்லை. ஆகவே சங்கத்துக்கு நல்லதைத் தேடாமல், தமக்குப் பத்திரமானதைத் தேடுகிறார்கள். இந்நிலையில் அவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. அவர்களை அந்த மூலைக்குத் தள்ளுவது, விலைப்புள்ளிகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடும் சோதனை முறையே.

மாட்டுச் சந்தையும் மோட்டார் சந்தையும்

நம் விவசாய அங்கத்தினர் உழவு மாடு வாங்கும் விதத்தைச் சிந்தித்துப் பாருங்கள். எவரேனும் மூன்று மாட்டுக்காரரிடம் விலைப்புள்ளி கேட்டுக் குறைந்த விலை மாட்டை ஓட்டி வருவாரா? பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், இயன்றால் ஏரில் பூட்டியும் பார்ப்பார். அதன் பின்னரே துண்டின் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுவார். அங்கே விலை மறைவில் பேசப்படுகிறது. மாடு வெளிச்சத்தில் பார்க்கப்படுகிறது. நம் சங்கங்களிலோ விலையை வெளிச்சத்தில் பேசிவிட்டு, லாரியை மறைவிலேயே விட்டுவிடுகிறோம். நெசவாளரும் அவ்வாறே, சிட்டத்தை விரித்து முறுக்கையும் சாயத்தையும் பாராமல் நூல் வாங்குவோர் அவர்களில் ஒருவரும் இலர். தம் தொழிலில் இத்துணை விழிப்புள்ள மக்கள், லாரி என்றதும் கண்ணை மூடிக்கொள்வானேன்?

ஆகவே நாம் கூறும் முறை இதுவே: முதலில் சோதனை, பிறகு விலை. பெரிய அரசுக் கட்டுமானப் பணிகளில், தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறையும் விலைக்கு மற்றோர் உறையுமாக இரண்டு உறைகள் பெறும் முறை வழக்கத்திலிருக்கிறது. தகுதி பெறாதவரின் விலையுறை பிரிக்கப்படுவதே இல்லை. நம் சங்கங்களும் அவ்வாறே, எழுத்துமூலமான சோதனையில் தேறிய வண்டிகளின் விலைகளை மட்டும் ஒப்பிடுதல் வேண்டும்.

சோதிக்க வேண்டியவை யாவை?

முதலாவது, சங்கத்தின் தேவை. நூல் பேல் ஒன்று 400 பவுண்டு, அதாவது 181 கிலோவுக்குச் சற்று மேல். முக்கால் டன் தாங்கும் குட்டி யானையில் நான்கு பேல் ஏற்றினால் அளவு நிறைந்தது. விளைபொருளானால் ஐம்பது கிலோ மூட்டை பதினைந்து. இதற்கு மேற்பட்ட சுமை அடிக்கடி உண்டென்றால் அவ்வகை வண்டி போதாது. வாங்கிவிட்டு மிகையாக ஏற்றினால் அடுத்த ஆண்டில் நாமே அதனைக் கெடுத்தவர்களாவோம். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை என்பதையும் நினைவில் வைத்தல் நன்று.

இரண்டாவது, பத்திரங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு நேரில் ஒப்பிட்டு, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தல் வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் பதிவு, வரி, காப்பீடு, நிலுவை அபராதம் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். கடன் பாக்கி ஆர்.சி.யில் குறிக்கப்பட்டிருந்தால், கடன் கொடுத்த நிறுவனம் ஒப்பமிட்ட 35ஆம் படிவம் கைக்கு வராமல் முன்பணம் கொடுத்தலாகாது. வேற்று மாநில வண்டியாயின் மேலும் எச்சரிக்கை தேவை. தில்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடலாகாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதன் விளைவாக அங்கிருந்து பல வண்டிகள் பிற மாநிலங்களுக்கு மலிவாக விற்கப்பட்டன. அத்தகைய வண்டிக்கு 28ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று வேண்டும்; இங்கே வரி கட்டிப் புது எண் பெறவும் வேண்டும். இச்செலவைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் மறைந்துவிடும்.

‘எஃப்.சி. நடப்பில் இருக்கிறது, ஆகையால் வண்டி நன்றாகவே இருக்கும்’ என்று தரகர் கூறுவார். தகுதிச் சான்று என்பது, சோதித்த நாளில் பிரேக்கும் விளக்கும் புகையும் விதிக்குட்பட்டு இருந்தன என்பதற்கே சான்று. எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் ரிங் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதை அது கூறாது. எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பித்தாக வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது, எஞ்சின். டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உருளையினுள் காற்று அழுத்தப்படும்போது பிறக்கும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. ஆகவே அழுத்தமே அதன் உயிர். ரிங்கும் லைனரும் தேய்ந்து அழுத்தம் குறைந்த எஞ்சின், சூடாக இருக்கும்போது நல்லதுபோல் ஓடும். விடியற்காலையில் குளிர்ந்திருக்கும்போது கிளம்ப மறுக்கும். விற்பவர் இதனை அறிவார். அதனால் நாம் போவதற்கு முன்பே ஒரு சுற்று ஓட்டி வைத்திருப்பார். ஆகையால் அதிகாலையில், முன்னறிவிப்பின்றிச் செல்வது நல்லது. சாவியைக் கேட்பதற்கு முன் எஞ்சின் மீது கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடிருந்தால் அன்றைய சோதனையை நிறுத்திவிட்டு மறுநாள் வருவதே முறை.

கிளம்பியபின் புகையைக் கவனிக்க வேண்டும். குளிரில் சிறிது வெண்புகை வந்து மறைவது இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்பும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் நீரும் குறையுமாயின் ஹெட் கேஸ்கெட்டில் ஐயம் கொள்ளலாம். நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிகிறது என்பதன் அடையாளம். தொடர்ந்த கரும்புகை, நாசில் பழுதையோ காற்று வடிகட்டி அடைப்பையோ காட்டும்; இது சிறு செலவில் தீரவும் கூடும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அங்கிருந்து புகை குபுகுபுவென்று விட்டுவிட்டு வெளிவருமாயின், மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று கூறும் நோய் அதுவே. எஞ்சினைப் பிரிக்கும் காலம் தொலைவில் இல்லை. ஆயில் கருத்திருப்பது டீசல் எஞ்சினில் குறையன்று. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால்தான் அதில் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறந்து, உள்ளே துருநீரோ எண்ணெய்ப் படலமோ இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். புதிதாகக் கழுவித் துடைத்துப் பளபளக்கும் எஞ்சினைக் கண்டு மகிழ வேண்டாம். ஒழுக்கு எங்கே என்பதைத் தண்ணீர் மறைத்திருக்கும்.

பழைய முறை டீசல் பம்பு உள்ள வண்டியை உள்ளூர்ப் பட்டறையில் பழுதுபார்த்துவிடலாம். காமன் ரெயில் என்னும் மின்னணு முறை வண்டியானால், கருவி வைத்துக் கோளாறுகளைப் படிக்கத் தெரிந்த பட்டறை அருகில் உண்டா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். அதன் நாசில்களின் விலை பழைய முறையினும் பன்மடங்கு என்பதால், இச்சோதனைக்கு ஆகும் சிறு கட்டணம் வீண் செலவாகாது.

நான்காவது, உடற்கட்டு. எஞ்சினை மாற்றலாம், முறிந்த சேஸிஸை மாற்றுவது அரிது. வண்டியின் அடியில் விளக்குடன் படுத்துப் பார்க்க வேண்டும். சேஸிஸில் வெல்டிங் ஒட்டுகள், புதிய கருப்புப் பெயிண்டின் கீழ் செதிலாக உரியும் துரு, இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாத நெளிவு ஆகியவை இருந்தால் விலை பேசவே வேண்டாம். பின் பட்டைகளில் கூடுதல் தகடுகள் சேர்க்கப்பட்டிருந்தால், அவ்வண்டி மிகைச் சுமை ஏற்றியே பிழைத்தது என்று அறியலாம். உப்பும் மீனும் உரமும் சுமந்த வண்டியின் தளத்தைப் பலகையைத் தூக்கிப் பார்க்காமல் நம்பலாகாது. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைக் கூறும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஓடிய தூரம் காட்டும் மீட்டரை எளிதில் திருத்திவிடலாம். தேய்ந்த பெடல் ரப்பரும் வழவழத்த ஸ்டியரிங்கும் பொய் சொல்வதில்லை.

ஐந்தாவது, ஓட்டம். வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் பயன் சிறிது. அளவான சுமையை ஏற்றி, ஏற்றமுள்ள பாதையில் சங்கத்தின் ஓட்டுநரே ஓட்டிப் பார்த்தல் வேண்டும். கிளட்ச் வழுக்குகிறதா, விசையைக் குறைத்ததும் கியர் தானே விடுபடுகிறதா, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா, சூடுமானி ஏறிக்கொண்டே போகிறதா என்பன அப்போதே தெரியும். சுமையேற்றி ஓட்ட விற்பவர் மறுப்பாராயின், வேறு சோதனை தேவையில்லை, திரும்பி வந்துவிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2,20,000 ரூபாய்; மற்றது 2,74,000 ரூபாய். முதலாவது தேய்ந்த எஞ்சின்; லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டாவது 12 கிலோமீட்டர் ஓடுகிறது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட, முதலாவதற்கு 150 லிட்டரும் இரண்டாவதற்கு 125 லிட்டரும் வேண்டும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வேறுபாடு மாதம் 2,250 ரூபாய். ஆண்டுக்கு 27,000 ரூபாய். விலையில் மிச்சம் பிடித்த 54,000 ரூபாயும் இரண்டே ஆண்டுகளில் டீசலாகக் கரைந்துபோகிறது. எஞ்சின் பிரிக்கும் செலவும், வாடகை வண்டியும், தறி நின்ற நாட்களும் இதற்கு மேற்பட்டவை. இனி எது மலிவு என்பதை அங்கத்தினரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

‘மெக்கானிக்கை விலைக்கு வாங்கிவிட்டால் என் செய்வது?’ என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்வியே. விலைப்புள்ளி முறை தோன்றியதே மனிதரின் ஆசைக்கு அஞ்சித்தான்; அவ்வச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆகவே மெக்கானிக் விற்பவரின் ஊரைச் சேர்ந்தவராக இருத்தலாகாது. அவருக்குரிய கூலியைச் சங்கமே ரசீது பெற்றுக் கொடுத்தல் வேண்டும். சங்க ஓட்டுநரும், நிர்வாக சபையில் இல்லாத அங்கத்தினர் இருவரும் உடனிருத்தல் வேண்டும். கண்டவற்றை அவ்விடத்திலேயே எழுதி நால்வரும் ஒப்பமிட்டு, நிராகரித்த வண்டிகளின் குறைகளையும் அதே தாளில் குறித்தல் வேண்டும். வண்டி வாங்கும் தீர்மானத்திலேயே, விலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பழுது நிதியாக ஒதுக்கிவிடுவதும் நலம். இத்தனைக்கும் பிறகு தவறு நேராது என்று நாம் கூறவில்லை. நேர்ந்தால் அது எங்கே நேர்ந்தது என்பது தெரியும். மூன்று விலைப்புள்ளிகள் அதனைத் தெரிவிக்க மாட்டா.

நிர்வாக சபையினருக்கு ஒன்று கூறுவோம். 87ஆம் பிரிவு கையாடலையும், நம்பிக்கைத் துரோகத்தையும், வேண்டுமென்று செய்த அசட்டையையும், சட்டத்துக்கும் விதிகளுக்கும் துணைவிதிகளுக்கும் மாறாகப் பணம் கொடுத்தலையும் பற்றிப் பேசுகிறது. ஆராய்ந்து, காரணம் எழுதி, நல்லெண்ணத்துடன் செய்த முடிவைப் பற்றி அன்று. ஒப்பமிட்ட சோதனை அறிக்கையே உங்களுக்குச் சிறந்த கவசம். நம்மோடு பணிபுரியும் ஆய்வாளர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் ஒன்று கூறுவோம். பழைய வண்டிக் கோப்பைத் திறந்ததும் விலைப்புள்ளிகளைத் தேடாதீர்கள். சோதனை அறிக்கையைத் தேடுங்கள். அது இல்லையெனில், விலை எத்துணைக் குறைவாயினும் குறையெழுதுங்கள். அது இருந்து, காரணம் தெளிவாயிருப்பின், கூடுதல் விலை கொடுத்ததற்காகக் குறையெழுதாதீர்கள். இம்மாறுதலை ஆய்வு செய்யும் நாம்தான் முதலில் தொடங்க வேண்டும்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் பலரை உள்ளிட்ட 28 தொழிலாளர் ஒன்றுகூடிக் கடை திறந்தபோது, கலப்படமில்லாத பொருளையும் குறையாத எடையையும் தம் கொள்கையாகக் கொண்டனர். எல்லாவற்றிலும் மலிவான சரக்கை விற்போம் என்று அவர்கள் கூறவில்லை. ஏழையின் பணத்துக்கு நல்ல சரக்கே தகும் என்பது அவர்கள் கண்ட உண்மை. நம் சங்கங்களின் பணமும் அத்தகையதே. ஆகையால் அடுத்த முறை பழைய லாரி வாங்கும் தீர்மானம் உங்கள் சங்கத்தில் வருமாயின், ‘சோதனை அறிக்கை எங்கே?’ என்று கேளுங்கள். அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அக்கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு.